ஹிஜ்ர் பாறைகளும் எழுத்தின் வாழ்வும்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட இடம் சவூதி அரேபியாவின் வடமேற்கில், பேரீச்சைத் தோப்புகள் சூழ்ந்த அல்-உலா நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் பண்டைய பெயர் ஹெக்ரா. அரபியர் அல்-ஹிஜ்ர் என்றும் மதாயின் சாலிஹ் என்றும் வழங்குவர். யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் 2008-ஆம் ஆண்டு இடம்பெற்ற இதுவே, அந்நாட்டிலிருந்து அப்பட்டியலில் சேர்ந்த முதல் இடமாகும். 2019-இல் சவூதி அரசு சுற்றுலா விசா வழங்கத் தொடங்கிய பின்னரே என் போன்றோர் அங்குச் செல்வது எளிதாயிற்று.

திருக்குர்ஆனின் 15-ஆம் அத்தியாயம் இவ்விடத்தின் பெயரையே தாங்கியுள்ளது. இறைத்தூதர் சாலிஹை மறுத்து அழிந்த தமூது கூட்டத்தாரின் ஊர் இது என்பது இஸ்லாமிய மரபு. ஆதலால் பயணிகள் பலர் இங்கே தங்காமல் விரைந்து கடந்தனர். அங்குச் செல்வோர் இந்த உணர்வை மதித்து நடத்தல் வேண்டும்.

மணற்கற் குன்றுகளில் குடையப்பட்ட பெருங்கல்லறைகள் 111. அவற்றுள் 94 அணிமுகப்புடையவை. தன்னந்தனியே நிற்கும் ஒரு பாறையில் அமைந்த கஸ்ர் அல்-ஃபரீத் என்னும் கல்லறையின் கீழ்ப்பகுதி செதுக்கி முடிக்கப்படாமலே நின்றுவிட்டது. கல்தச்சர் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கினர் என்பதற்கு அந்த முற்றுப்பெறாத அடிப்பகுதியே சான்று. படமெடுப்போர் கூட்டம் அங்கேதான் மிகுதி. எனக்கோ வாயில்களின் மேலே பொறித்த எழுத்துப் பலகைகளே பெரிதாகத் தோன்றின.

இவற்றை அமைத்தவர் நபத்தேயர். இன்றைய ஜோர்டானில் உள்ள பெத்ராவைத் தலைநகராகக் கொண்டு, குந்துருக்கமும் வெள்ளைப்போளமும் செல்லும் ஒட்டகப் பாதைகளை ஆண்ட வணிக இனத்தார். நம் முசிறியைக் குறிப்பிடும் ‘பெரிப்ளுஸ்’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், இவர்களின் மன்னன் மாலிக்கையும் குறிப்பிடுகிறது.

கல்லறை வாயிலில் என்ன எழுதியிருக்கும்? இறந்தவரின் புகழ் என்று எதிர்பார்ப்போம். அங்கே இருப்பவை ஏறத்தாழ முழுவதும் சொத்துப் பத்திரங்கள். கல்லறை யாருடையது, யாரை அதில் அடக்கலாம் என்று தொடங்கி, இதனை விற்கவோ அடகு வைக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று நீளும். மீறுவோர் துஷரா என்னும் தெய்வத்துக்கும் அரசனுக்கும் ‘செலா’ என்னும் வெள்ளிக்காசுகளில் தண்டம் செலுத்த வேண்டும். அரசனின் ஆட்சியாண்டும், பலவற்றில் கல்தச்சரின் பெயரும் உண்டு. இப்பத்திரத்தின் படியொன்று கோயிலில் வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. பதிவு அலுவலக வழக்கம் அன்றே இருந்திருக்கிறது! உரிமையாளருள் பெண்டிர் பலர். ஹாரிதத் மன்னனின் 9-ஆம் ஆட்சியாண்டில் கம்கம் என்பவளும் அவள் மகள் குலைபத்தும் தமக்கெனக் கல்லறை அமைத்தனர். கம்கம் தன்னைத் தாயின் பெயராலும் பாட்டியின் பெயராலுமே குறித்துக்கொள்கிறாள்.

1876-இல் ஹஜ் பயணக் கூட்டத்தோடு இவ்விடம் சேர்ந்த ஆங்கிலேயர் டௌட்டி, எழுத்தின்மேல் ஈரத்தாளை அழுத்திப் படியெடுத்தார். பின்னர் ஜோசன், சவின்யாக் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இருவர் விரிவாகத் தொகுத்தனர். இவர்களின் உழைப்பால் நமக்குத் தெரியவரும் செய்தி வியப்பானது. இப்பத்திரங்களின் மொழி அரமேயம். அக்காலத்தில் மேற்கு ஆசியாவின் எழுத்து மொழியாக விளங்கியது அதுவே. நபத்தேயர் நாவில் வழங்கியதோ அரபி வகையைச் சார்ந்த பேச்சு. அவர்களின் ஆட்பெயர்கள் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. சாபமிடும் வினைச்சொல்லும் அரபியின் ‘லஅன’ என்பதேயாம். சட்டம் பேசும்போது அயல்மொழி. சினம் வரும்போது சொந்த மொழி.

கி.பி. 106-இல் உரோமர் நபத்தேய அரசை இணைத்துக்கொண்டனர். அதன்பின் 161 ஆண்டுகள் கழிந்து, கி.பி. 267-இல், கஅப் என்பவன் தன் தாய் ரகூஷுக்காக இங்கே ஒரு கல்வெட்டுப் பொறித்தான். அவள் ஹிஜ்ரில் தம்மூஸ் மாதத்தில் இறந்தாள் என்கிறான். கல்லறையைத் திறப்பவரை உலகின் இறைவன் சபிக்கட்டும் என்கிறான். இதன் எழுத்து நபத்தேயம். மொழியோ, அரமேயச் சொற்கள் சில கலந்திருப்பினும், பெரும்பாலும் அரபி. பேச்சுமொழி ஒருவழியாக எழுத்தில் ஏறிவிட்டது. அதன் அருகில் செங்குத்தாக ஒரு வரி, ரகூஷின் பெயரைத் தமூதிக் எழுத்தில் தருகிறது. என் ஆராய்ச்சி வாழ்வில் பல கல்வெட்டுகளைக் கண்டிருக்கிறேன். ஒரே பாறையில் இரண்டு எழுத்துகளின் எதிர்காலம் இப்படி அருகருகே நிற்பதை வேறெங்கும் கண்டதில்லை.

மாணவர்களே, இங்கே சற்று நின்று எண்ணுங்கள். தமூதிக் உள்ளிட்ட வட அரேபிய எழுத்து மரபு அரபியின் ஏறத்தாழ 28 மெய்யொலிகளையும் தனித்தனியே குறிக்க வல்லது. நபத்தேயத்தில் இருந்தவை 22 எழுத்துகளே; அவற்றுள்ளும் சில ஒன்றுபோல் தேய்ந்துவந்தன. ஒலியியல் நோக்கில் எது தகுதியுடையது என்று கேட்டால், தமூதிக் என்றே எந்த மொழியியலாரும் சொல்வார். அழிந்தது அதுதான். குறையுள்ள நபத்தேய எழுத்தே வளர்ந்து அரபி எழுத்தாயிற்று.

காரணம் என்ன? என் கருத்தைச் சொல்கிறேன். தமூதிக் எழுத்தில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வழிப்போக்கர் பாறையில் கீறிய பெயர்களும் சிறு வேண்டுதல்களும். நபத்தேய எழுத்தோ உரிமையையும் கடனையும் தண்டத்தையும் எழுதியது. எழுத்தரைப் பயிற்றிக்கொண்டே இருக்க வேண்டிய தேவை அதற்கு இருந்தது. அரசு போன பின்னும் அத்தேவை போகவில்லை.

நம் பிள்ளைகள் கைப்பேசியில் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுகிறார்களே, தமிழ் எழுத்து என்னாகும் என்று ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அக்கவலையை நான் எள்ளவில்லை. ஆனால் நண்பர்க்கு அனுப்பும் குறுஞ்செய்தி, பாறையில் கீறிய பெயர் போன்றது. அதைவிட என்னை உறுத்துவது வேறு. சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் எழுதுவோர் நம்மிடையே எத்தனை பேர்? வாங்கிய பணத்துக்குத் தமிழில் பற்றுச்சீட்டு எழுதிக் கையொப்பமிடத் தெரிந்த மாணவர் எத்தனை பேர்? கட்டுரைத் தாளில் உவமை எழுதப் பழக்குகிறோம். ஓர் ஒப்பந்தம் எழுதப் பழக்கியதுண்டா?

எழுத்துக் குறையை அரபியர் எவ்வாறு ஈடுசெய்தனர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புள்ளியால்தான். ரகூஷின் கல்வெட்டிலேயே, ரகர எழுத்திலிருந்து பிரித்துக் காட்டத் தகர எழுத்தின்மேல் புள்ளி இட்டிருக்கிறார்கள். ஓலையில் புள்ளியை விட்டெழுதிப் பின் படிக்கத் திணறிய மரபினராகிய நமக்கு அதன் அருமை தெரியும். பின்னாளில் அவ்வெழுத்து கடல் கடந்து ஜாவியாக இந்நாட்டுக்கு வந்தபோது, மலாய் ஒலிகளுக்கும் அதே வழியைக் கையாண்டனர். அரபியில் இல்லாத ஙகரத்துக்கு மூன்று புள்ளி, சகரத்துக்கு மூன்று புள்ளி. வீட்டுக்குச் சென்றதும் ஒரு ரிங்கிட் தாளை எடுத்து, அதிலுள்ள ஜாவி வரியில் ‘நெகாரா’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். அதன் ககரத்தின்மேல் ஒரு சிறு புள்ளி இருக்கும்.