பல்லில் பசை பிடிக்கும் இருபது விநாடி

சொத்தைப் பல்லை அடைக்கப் போனால் இப்போது பெரும்பாலும் பல்லின் நிறத்திலேயே அடைத்து அனுப்புகிறார்கள். முன்பு வெள்ளி நிறத்தில் ஒன்று வைப்பார்களே, அது பாதரசம் கலந்த உலோகக் கலவை. அது பல்லோடு ஒட்டாது. குழியை உள்ளே அகலமாகவும் மேலே குறுகலாகவும் குடைந்து, அதற்குள் அழுத்தி உட்கார வைப்போம். அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் இழக்க வேண்டியிருந்தது. கம்போசிட் என்கிற வெள்ளை அடைப்பு பல்லோடு ஒட்டியே நிற்கிறது. ஒட்ட வைப்பது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு மெல்லிய பசைப் படலம். நாங்கள் அதை 'பாண்டிங்' என்போம். அதைத் தடவுகிற முறைகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இது தொடங்கியது 1955-இல், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில். தொழிற்சாலைகளில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க உலோகத்தை பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்துவார்கள். மைக்கேல் புவோனோகோர் என்ற பல் ஆராய்ச்சியாளர் அதே அமிலத்தைப் பல்லின் மேல் தடவிப் பார்த்தார். 85 சதவீத அமிலம், 30 விநாடி. எனாமல் நுண்ணிய பள்ளங்களோடு சொரசொரப்பானது. அந்தப் பள்ளங்களுக்குள் பிசின் இறங்கி இறுகிப் பிடித்துக்கொண்டது. இன்று நாங்கள் 37 சதவீதத்தை ஒட்டிய ஜெல்லைப் பயன்படுத்துகிறோம். அடிப்படை அவர் காட்டியதுதான்.

எனாமல் எங்களுக்குச் சுலபம். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. சிரமமெல்லாம் அதற்கு உள்ளே இருக்கிற டென்டினில்தான். அதில் தாது 70 சதவீதம் அளவுக்குத்தான். மீதி கொலாஜன் என்ற புரத நாரும் நீரும். பல்லின் உயிர்ப்பகுதியிலிருந்து நுண்குழாய்கள் வழியாக ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். ஈரத்தில் பசையை ஒட்ட வைக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்! 1982-இல் ஜப்பானின் நகாபயாஷியும் அவரது குழுவினரும், பிசின் கொலாஜன் நார்களுக்கு நடுவே ஊறி இறுகி, பாதி பல், பாதி பிசினாக ஓர் அடுக்கை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். என் தொழிலில் என்னை மிகவும் கவர்ந்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்த அடுக்கு உருவாக இரண்டு வழி உண்டு. ஒன்று, அமிலம் தடவிக் கழுவும் முறை. டென்டினில் 15 விநாடி அமிலம் வைத்துக் கழுவினால் மேல்தாது கரைந்து கொலாஜன் நார்கள் வெளியே நிற்கும். குளத்துப் பாசியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் விரிந்து மிதக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிடும். இந்த நார்களும் அப்படித்தான். கழுவிய பிறகு காற்றை ஊதி வறட்டிவிட்டால் நார்கள் படுத்துவிடும், பசை உள்ளே நுழையாது. கிளினிக்கை விட்டுப் போனதும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது என்று பலர் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்காக ஈரத்தை அப்படியே விட்டாலும் பசை நீர்த்துப் போகும். எங்கள் மாணவர்களிடம் நான் காற்றுக் குழலை வாங்கி வைத்துவிடுவேன். சிறு பஞ்சு உருண்டையால் ஒற்றியெடுக்கச் சொல்வேன். டென்டின் லேசாக மினுங்க வேண்டும், எங்கும் நீர் தேங்கி நிற்கக் கூடாது. அந்த மினுக்கத்தை விளக்கின் கீழ் கண்ணாடியில் பார்த்துப் பழகினால்தான் புரியும்.

இரண்டாவது வழியில் கழுவும் வேலையே இல்லை. பசையிலேயே மென்மையான அமிலத் தன்மை இருக்கும்; அரிப்பதும் ஊறுவதும் ஒன்றாக நடக்கும். நார் சுருண்டுவிடும் பயம் குறைவு. ஜப்பானில் உருவான எம்.டி.பி. என்ற மூலக்கூறு சேர்ந்த பசைகள் பல்லின் கால்சியத்தோடு வேதியியல் முறையிலும் பிணைகின்றன. குறை என்னவென்றால், மென்மையான அமிலம் எனாமலை ஆழமாக அரிப்பதில்லை. ஓரங்களில் பழுப்புக் கோடு விழலாம். ஆகவே என் தேர்வு இரண்டும் கலந்தது: எனாமல் ஓரத்துக்கு மட்டும் ஜெல் வைத்துக் கழுவி, உள்ளே டென்டினுக்கு மென்மையான பசை. எந்த முறைக்கும் பயன்படும் 'யுனிவர்சல்' பசைகள் வந்த பிறகு இது இன்னும் வசதியாகிவிட்டது.

டீக்கடை நடத்தும் ஓர் அக்கா என்னிடம் வந்தார். ஈறை ஒட்டிப் பல்லின் கழுத்து தேய்ந்திருந்தது. அடைத்த அடைப்பு மறுபடி மறுபடி கழன்று விழுகிறதாம். இந்த இடத்தில் அடைப்பைப் பிடித்து நிறுத்தக் குழியே கிடையாது. பசை ஒன்றுதான் துணை. ஆராய்ச்சியாளர்களும் பசையின் வலுவைச் சோதிக்க இப்படிப்பட்ட தேய்மானங்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருடைய பழைய சீட்டில் எழுதியிருந்த பசையும் என் மேசையில் இருந்ததும் ஒன்றே. நான் செய்தது இவ்வளவுதான்: தேய்ந்து கெட்டியாகிப் பளபளத்த டென்டினை லேசாகச் சொரசொரப்பாக்கினேன். ஈறோரம் மெல்லிய நூல் வைத்துக் கசிவை நிறுத்தினேன். பிறகு நுண்தூரிகையால் பசையை முழுதாக இருபது விநாடி தேய்த்தேன். 'டாக்டரம்மா, தடவிட்டு விடமாட்டீங்களா, தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்களே' என்றார் அந்த அக்கா. சும்மா பூசிவிட்டால் பசை மேலேயே நின்றுவிடும். தேய்த்தால்தான் நாருக்குள் இறங்கும், உள்ளிருக்கும் கரைப்பானும் வெளியேறும். அந்த அடைப்பு இன்றும் அவர் பல்லில் இருக்கிறது.

தேய்த்த பிறகு மெல்லக் காற்று ஊத வேண்டும். முதலில் திரவம் அலை அலையாக ஓடும். அலை நின்று, அசையாத பளபளப்பு வரும்வரை ஊதுவது அவசியம். அப்புறம்தான் பசையை இறுக வைக்கும் நீல ஒளி. பசை சொட்டிய தட்டை வெகுநேரம் திறந்து வைத்தால் கரைப்பான் ஆவியாகிப் போகும். தேவைப்படும்போது மட்டும் சொட்டிக்கொள்வது நல்லது. இளம் பல் மருத்துவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், புதிய புட்டி வாங்குவதற்கு முன் கையிலிருக்கும் புட்டியின் குறிப்புத்தாளை முழுதாக ஒரு தடவை படித்துவிடுங்கள். ஒவ்வொரு பசைக்கும் நேரம் வேறு.

நேரம் நெருங்கிவிட்டது. நேயர்களுக்கு இரண்டே வேண்டுகோள். அடைத்த பல்லில் கடிக்கும்போது வலித்தாலோ, கூச்சம் சில வாரங்களில் அடங்காவிட்டாலோ, பொறுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். இன்னொன்று, பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டுவார்கள். எச்சில் படாமல் காக்க நியூயார்க்கில் சான்ஃபோர்டு பார்னம் 1864-இல் கொண்டுவந்தது அது. மூச்சு முட்டுமோ என்று பயந்து பலரும் வேண்டாம் என்கிறார்கள். மூக்கால் தாராளமாக மூச்சு விடலாம். மூக்கடைப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அந்த விரிப்பை மருத்துவர் எடுத்தால் தயவுசெய்து மறுக்காதீர்கள். எடுக்காவிட்டால், 'எனக்கு மாட்ட முடியுமா டாக்டர்' என்று நீங்களே கேளுங்கள்.