கஞ்சா மருந்தா, குற்றமா?

(திருவனந்தபுரத்தில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986இல் நம் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அன்று தொட்டு, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த உழைப்பாளிதான் இந்நோயின் பழியை அதிகம் சுமக்கிறான். அவனிடம்தான் காதோடு காதாக ஒரு பேச்சும் சொல்லப்படுகிறது: "மாத்திரை எதற்கு? கஞ்சா இழு, பசி எடுக்கும், வலி பறந்துவிடும்!" இதில் பாதி மெய். மறுபாதி ஆளைக் கொல்லும் பொய்.

மெய்யை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல மருந்து வராத நாட்களில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் எயிட்ஸ் நோயாளிகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள். மேரி ராத்பன் என்ற மூதாட்டி கஞ்சா கலந்த கேக் சுட்டு அவர்களுக்குக் கொடுத்தார். கைது செய்தார்கள், அவர் நிறுத்தவில்லை. 1992இல் அமெரிக்க அரசே, கஞ்சாவின் சத்தைச் செயற்கையாக ஆக்கிய ட்ரோனாபினால் மருந்தை எயிட்ஸ் நோயாளியின் பசியின்மைக்கும் மெலிவுக்கும் அனுமதித்தது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எச்.ஐ.வி.யால் கால் நரம்பு எரிந்து துடித்தவர்களுக்குக் கஞ்சாப் புகை 34 சதவீத வலியைக் குறைத்தது. சத்தில்லாத போலிப் புகையில் குறைந்தது 17 சதவீதமே.

பொய் எது? கிருமியை அது ஒழிக்கும் என்பது. கிருமியை அடக்குவது ஏ.ஆர்.டி. மாத்திரைதான், நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். எச்.ஐ.வி. உள்ளவரைக் காசநோய் எளிதில் பிடிக்கும். அந்த நுரையீரலுக்குள் புகையை விடுவதா? தெருவில் வாங்கும் பொட்டலத்தில் பூஞ்சை இருந்தால், எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கு அதுவே எமன்.

சரி, நோயாளிதானே, போலீஸ் விட்டுவிடுமா? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறது. ஆனால் உரிமம் இல்லாமல் அந்த வாசலில் நுழைய முடியாது. ஒரு கிலோவுக்குக் குறைவான கஞ்சாவுக்கே ஓராண்டுவரை கடுங்காவல், பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பிணைக்கு ஆளில்லாத கூலிக்காரனுக்கு இது என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இதே சட்டம்தான் மார்ஃபினையும் பூட்டி வைத்தது. புற்றுநோயாளி கதறினார், மருந்துக்கடையோ உரிமத் தொல்லைக்கு அஞ்சி மருந்தை வைக்கவில்லை. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கமும், 2003இல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் இந்தத் திருவனந்தபுரத்திலேயே தொடங்கிய பாலியம் இந்தியாவும் விடாமல் வாதாடின. 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கேட்டதால் கிடைத்தது, சும்மா வரவில்லை!

கஞ்சா மருந்துக்கும் அந்த வழிதான். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க இந்தியாவும் வாக்களித்ததே, அந்த வாக்கு வியன்னாவோடு நின்றுவிட்டதா? அரசு மருத்துவக் கல்லூரிகளில் முறையான ஆய்வு நடக்கட்டும். பலன் உறுதியானால், அளவு தெரிந்த மருந்தாக, ஏழைக்கு விலையின்றி வரட்டும்.

அதுவரை? உள்ளங்கால் எரிந்தால், குமட்டினால், சோறு இறங்காவிட்டால் மறைக்காதீர்கள். மெடிக்கல் காலேஜ் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றவும் வலிக்கு வேறு மருந்து தரவும் வழியுண்டு. ஏற்கெனவே கஞ்சா பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஊரில் பதிந்திருந்தால், வரும்போதே அங்கே மாற்றுச் சீட்டுக் கேட்டு வாங்கி வாருங்கள். இங்கும் மாத்திரை இலவசம்தான்.