ஏறுதலும் இறங்குதலும்

திருவண்ணாமலைக்குப் பல நாட்டினர் வருகின்றனர். அவர்களுள் ஒருவர், பேருந்தில் எங்கே இறங்குவது என்று கேட்கிறார் என்று கொள்வோம். நம் மாணவர், 'கெட் டவுன்' என்று தொடங்கி இடத்தைச் சொல்வார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் செவிக்கு அது மரத்தினின்றோ ஏணியினின்றோ கீழே இறங்குதலை உணர்த்தும். உரக்கச் சொன்னாலோ, 'ஆபத்து, குனிந்துகொள்!' என்றும் பொருள்படும். பேருந்தினின்று இறங்குதலை அவர் 'கெட் ஆஃப்' என்பார்.

நமது 'இறங்கு' என்னும் சொல்லில் கீழ்நோக்கும் கருத்து உளதாதலின், 'டவுன்' நம் நாவிற்கு எளிதில் வருகிறது. இந்நாட்டில் அவ்வழக்கு வேரூன்றிவிட்டது. நமக்குள் பேசும்போது அதனைப் பிழையென்று கடிய நான் விரும்பவில்லை. ஆயினும் வெளிநாட்டாரிடத்தும் தேர்வுத்தாளிலும் 'ஆஃப்' என்பதே ஏற்றது.

வினையொடு சேரும் சிறுசொல் பொருளை மாற்றுவது நமக்குப் புதிதன்று. 'தூங்கினான்' என்பதற்கும் 'தூங்கிவிட்டான்' என்பதற்கும் உள்ள வேற்றுமையை யாரும் கற்பியாமலே நாம் உணர்கிறோம். ஆங்கிலத்தார் அவ்வாறே 'ஆன்', 'இன்', 'ஆஃப்', 'அவுட்' என்பவற்றை ஆள்கின்றனர்.

இவ்வூர் நன்கறிந்த ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். 1896 ஆகஸ்டு 29 அன்று, பின்னாளில் ரமண மகரிஷி எனப் பெயர் பெற்ற வேங்கடராமன் என்னும் பதினாறு வயது இளைஞர் மதுரையினின்று புறப்பட்டார். 'புறப்படு' என்னும் சொல்லிலேயே 'புறம்' அமைந்திருப்பதைக் கவனியுங்கள்; 'செட் அவுட்' என்பதில் உள்ள 'அவுட்' அதற்கு நேர். சேருமிடமும் நோக்கமும் மனத்தில் நிற்க, நெடுவழி தொடங்குதற்கு அச்சொல் மிகப் பொருந்தும். 'செட் ஆஃப்' என்பதோ கிளம்பும் அந்நொடியையே சுட்டும். 'காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம்' என்பதற்கு அது போதும். பல இடங்களில் ஒன்றற்கு மற்றொன்று வருமென்பதும் உண்மையே. ஆனால் ஒரு செயலை முடிக்க உறுதிகொண்டு முனைதலை 'செட் அவுட்' மட்டுமே சொல்லும். பட்டாசு வெடிப்பதற்கு 'செட் ஆஃப்' ஒன்றே உரியது. தீபாவளியன்று மாற்றிச் சொல்லாதீர்கள்!

அவ்விளைஞர் திண்டிவனத்திற்குச் சீட்டு வாங்கியிருந்தார். திருவண்ணாமலைக்கு விழுப்புரத்தினின்று இருப்புப்பாதை உண்டென்று உடன்வந்தவர் ஒருவர் கூறவே, விழுப்புரத்திலேயே இறங்கினார். இங்கும் 'கெட் ஆஃப்' தான். எழுந்து நிற்கவும் நடக்கவும் இடமுள்ள இரயில், பேருந்து, கப்பல், விமானம் ஆகியவற்றிற்குப் பெரும்பாலும் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்' வரும். குனிந்து நுழைந்து அமரும் காருக்கும் ஆட்டோவுக்கும் 'கெட் இன்', 'கெட் அவுட்'. மிதிவண்டியில் நிற்க இடமேது என்பீர்கள். குதிரைபோல் அதன்மீது அமர்தலால் அங்கும் 'ஆன்' தான். தமிழில் 'ஏறு' என்னும் ஒரு சொல்லே இத்தனைக்கும் போதுமாயிருக்கிறது.

'திரும்பு' என்பதும் அவ்வாறே. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒருவர் அடி அண்ணாமலை வரை சென்று, கால் நோவால் வந்த வழியே திரும்புகிறார். அது 'டர்ன் பேக்'. மற்றொருவர் மலையை முழுதும் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே திரும்புகிறார். அது 'கெட் பேக்'. 'டர்ன் பேக்' என்று சொன்னால், வலம் முடிக்காமல் வந்தவராவார்!

வேங்கடராமன் 1896 செப்டம்பர் முதல் நாள் இவ்வூரை அடைந்தார். இரண்டாண்டு கழித்து 1898-இல் அன்னை அழகம்மாள் வந்து, வீட்டிற்கு அழைத்தார். அவ்வேண்டுகோளை ஆங்கிலத்தில் சொல்வதாயின், தாமும் உடன் இருக்கப்போகும் வீடாதலின், அன்னை வாயில் 'கம் பேக்' என்றே வரும். இவ்வூரிலேயே வாழும் அயலார் ஒருவர் அதே அறிவுரை கூறியிருப்பின், 'கோ பேக்' என்பார். 'திரும்பி வா', 'திரும்பிப் போ' என்னும் நம் வேறுபாடே இது. மகன் 1950-இல் மறையும் வரை இவ்வூரை விட்டு அகலவில்லை. அன்னைதான் 1916-இல் மீண்டும் வந்து மகனோடு தங்கினார். அவ்வருகையை இவ்வூரார் சொன்னால் 'கம் பேக்' ஆகும்.