ஒரு சிட்டிகை உப்பும் இரு நாடுகளும்

அண்டை வீட்டார் இருவருள் எவர் செல்வர் என்பதை வீட்டின் முகப்பே காட்டிவிடும். எவர் வீட்டுக் குழந்தைகள் நோயின்றி வளர்கின்றன என்பதை அது காட்டாது. நாடுகளின் நிலையும் இத்தகையதே. நமக்கும் நம் அண்டை நாடாகிய வங்கதேசத்துக்கும் உள்ள சுகாதார ஒப்பீட்டை இன்று சற்று ஆராய்வோம்.

1971ஆம் ஆண்டு வங்கதேசம் விடுதலை பெற்றபோது, சராசரி ஆயுளில் அது இந்தியாவுக்குப் பின்தங்கியிருந்தது. 1990இலும், ஐந்து வயது நிறையுமுன் இறந்த குழந்தைகள் இங்கே ஆயிரத்துக்கு ஏறத்தாழ 125 என்றால், அங்கே ஏறத்தாழ 145. ஆனால் 2023ஆம் ஆண்டுக்கான ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீட்டின்படி இந்தியரின் சராசரி ஆயுள் 72. வங்கதேசத்தவரின் ஆயுளோ 74க்கு மேல். நெடுங்காலம் நம்மைவிடக் குறைந்த வருமானம் உடையதாயிருந்த நாடு நம்மை முந்தியது எவ்வாறு?

காரணங்கள் பல. வீடுதேடிச் சென்ற பெண் பணியாளர்கள், தடுப்பூசி, பெண்கல்வி, கழிப்பிட வசதி ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். எனினும் ஒன்றை மட்டும் இங்கு விரித்துரைப்போம். அது பேதிக்கு மருந்தான உப்புச் சர்க்கரை நீரின் வரலாறு.

பேதியால் இறக்கும் குழந்தை பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றியே இறக்கிறது. வெறும் நீரைப் புகட்டினால் குடல் அதைப் போதிய அளவு ஏற்பதில்லை. சர்க்கரை சேரும்போது உப்பும், உப்பைத் தொடர்ந்து நீரும் குடற்சுவரைக் கடந்து உடலிற் சேர்கின்றன. இதைப் பயன்படுத்தி வாய்வழியே புகட்டும் நீரால் காலராவுக்குச் சிகிச்சை செய்யலாம் என்பதை, டாக்காவில் பணியாற்றிய டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்னும் இரு மருத்துவர்கள் 1968இல் நிலைநாட்டினர். 1971இல் மேற்கு வங்கத்துப் போன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவிட்டபோது, மருத்துவர் திலீப் மகலநோபிஸ் இந்நீரைக் கலந்து நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது.

இங்ஙனம் மருந்து இரு நாட்டுக்கும் பொதுவாகவே பிறந்தது. அதை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றதில்தான் வங்கதேசம் முந்திக்கொண்டது. 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பியது. மூன்று விரற் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர் எனத் தாய்மார்க்குக் கைப்பட அவர்கள் செய்து காட்டினர். பின்னர் மேற்பார்வையாளர் சென்று, தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று சோதிப்பர். அதற்கேற்பவே பணியாளரின் ஊதியம். சொன்னது எவ்வளவு என்பதன்று, மனத்திற் பதிந்தது எவ்வளவு என்பதே கணக்கு.

அக்கலவைக்கு அவர்கள் இட்ட பெயர் 'லொபொன் குர்'. நம் சித்த நூல்கள் உப்பைக் குறிக்கும் 'இலவணம்' என்ற சொல்லே அங்கே லொபொன் என வழங்குகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சுற்றறிக்கையின் மொழி அலுவலகத்தோடு நின்றுவிடும். அடுப்பங்கரையின் மொழியே உயிரைக் காக்கும்.

ஒப்பீடு நடுநிலை தவறலாகாது. பிள்ளைப்பேற்றில் தாய்மார் இறக்கும் விகிதம் வங்கதேசத்தைவிட நம் நாட்டிற் குறைவு. அங்கே மருத்துவச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மக்களின் கைப்பணமே. இங்கே அது 2021-22இல் நூற்றுக்கு 39 அளவுக்கு இறங்கியுள்ளது. பெருநோய்க்குச் சிகிச்சை நாடி அந்நாட்டார் கொல்கத்தாவுக்கும் வேலூருக்கும் பல்லாண்டுகளாக வந்துள்ளனர். குழந்தை இறப்பிலும் நாம் அவர்களை எட்டிவிட்டோம். 2022இல் இரு நாடுகளிலும் அது ஆயிரத்துக்கு 30க்குக் கீழ். ஆனால் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பேதி கண்ட இந்தியக் குழந்தைகளுள் நூற்றுக்கு 61 பேருக்கே அவ்வுப்புநீர் கிடைத்தது. எஞ்சிய 39 குழந்தைகளுக்கு விடை கூற வேண்டியவர் நாம்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதில் தனிக் கவலை உண்டு. பாட்டியும் அத்தையும் அருகில் இல்லாத வீட்டில், அயல்மொழி பேசும் சுகாதாரப் பணியாளரிடம் பேசத் தயங்கும் இளந்தாயே முதலில் தவிப்பவள். வடநாட்டில் இம்மருந்தை 'ஜீவன் ரக்ஷக் கோல்' என்பர், கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டாலும் தருவர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் முறைப்படி தயாரித்ததா என்று பார்த்து வாங்குக; இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. பொட்டலத்திற் குறித்த அளவு தூய நீரிற் கலக்குக. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தற்க. துத்தநாக மாத்திரை பற்றி ஆஷா பணியாளரைக் கேட்டறிக. குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

உங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பம் எது என்று பார்த்து, இச்செய்தியை நம் மொழியில் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். அண்டை நாடு பத்தாண்டுகள் வீடுவீடாகச் சென்று செய்த பணியும் அதுவே.