ஆசியா ஆசியருக்கே: ஒரு முழக்கமும் தமிழர் கொடுத்த விலையும்



ஜப்பானிய ஏகாதிபத்தியத்துக்கும் திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அரிசிதான் தொடர்பு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசியின் வரத்து நின்றது. அன்று திருவிதாங்கூரோடு இருந்த நாஞ்சில் நாடு அந்தச் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம். ஆயினும் அதன் விளைச்சல் எல்லார்க்கும் போதவில்லை. ரேஷன் வந்தது. மரச்சீனிக் கிழங்கே பல வீடுகளில் சோறாயிற்று. சேர்த்தலைப் பகுதியில் ஏழைகள் பசியாலும் நோயாலும் மடிந்தார்கள். அந்தப் பேரரசின் படை இக்கரைக்கு வராமலே அதன் போர் நம் அடுப்படிக்கு வந்துவிட்டது.

நம்பிக்கை பிறந்த விதம்

1905இல் ரஷ்யாவை ஜப்பான் வென்றபோது அடிமைப்பட்ட ஆசியா நிமிர்ந்து உட்கார்ந்தது. வெள்ளையரை வெல்ல முடியும் என்ற துணிவு இந்தியாவிலும் பரவியது. இந்நகரில் பிறந்த ஏ.எம். நாயர் 1928இல் படிப்புக்காகக் கியோட்டோ சென்றார். பிறகு அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸோடு சேர்ந்து விடுதலைக்கு உழைத்தார். அத்தகையோரின் நாட்டுப்பற்றில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அதே ஜப்பான் 1910இல் கொரியாவை விழுங்கியிருந்தது. 1938இல் அங்குள்ள பள்ளிகளில் கொரிய மொழியின் இடத்தைப் பறித்தது. 1940 முதல் மக்களை ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ள நெருக்கியது. ஓர் இனத்தை ஆள நினைப்பவர் நிலத்தோடு நிற்பதில்லை. நாவையும் பெயரையும் கேட்பார். தாகூர் 1916இல் ஜப்பானுக்கே சென்று, வெறியாகும் தேசியத்தின் ஆபத்தை எடுத்துரைத்தார். கேட்டவர் குறைவு.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ஊரின் பெயர் சியோனான் ஆயிற்று. கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன. பள்ளிப் பிள்ளைகள் ஜப்பானிய மொழி கற்று, பேரரசர் இருக்கும் திசை நோக்கித் தலைவணங்கினார்கள். ‘ஆசியா ஆசியருக்கே’ என்ற ஜப்பானின் முழக்கத்துக்குக் கீழே நடந்தவை இவை.

1943: மூன்று நாட்கள்

அவ்வாண்டின் மூன்று நாட்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன்.

செப்டம்பர் 10. இந்நகருக்கு அருகேயுள்ள வக்கத்தில் பிறந்த அப்துல் காதர் பிரிட்டிஷ் அரசால் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய விடுதலைக்காகப் பினாங்கில் பயிற்சி பெற்று, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, மலபார்க் கரையிலுள்ள தானூரில் இறங்கியவர் அவர். பௌஜா சிங், சத்யேந்திர சந்திர பர்தன், ஆனந்தன் ஆகியோரும் அன்றே தூக்குமேடை ஏறினர்.

அக்டோபர் 17. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையின் இரு முனைகளும் கூடின. நல்ல கூலி, சில மாத வேலை என்ற ஆசை வார்த்தையாலும், பிறகு வலுக்கட்டாயமாகவும் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவ்வாண்டு மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகக் கொன்றது. அங்கு மாண்ட ஆசியத் தொழிலாளர் ஒரு லட்சத்தை நெருங்கியிருக்கலாம் என்பது மதிப்பீடு. நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழ்க் கூலிகளுக்கு அப்படி ஒரு கல்லறைத் தோட்டம் இல்லை.

அக்டோபர் 21. அதே மாதம், நான்கு நாள் கழித்து, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். தோட்டத் தமிழர்கள் அவர் படையில் திரண்டார்கள். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினார்கள். கங்காணியின் அதட்டலுக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள் முதன்முறையாக மரியாதையோடு அழைக்கப்பட்டார்கள்.

இம்மூன்றில் ஒன்றை மட்டும் சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. இந்தியன் என்று கை குலுக்கிய அதே ஜப்பானிய ஆட்சி, கூலி என்று காட்டுக்கும் அனுப்பியது. மேடையில் நண்பன், காட்டில் அடிமை. அந்தமானிலோ இந்திய விடுதலைச் சங்கத்தைச் சேர்ந்தவர்களையே ஒற்றர் என்று குற்றஞ்சாட்டி 1944 ஜனவரியில் சுட்டுக் கொன்றது.

நம் கடமை

ஒரு முழக்கம் மெய்யா என்பதை அதை முழங்கும் தலைவரிடம் கேட்டு அறிய முடியாது. அதன் கீழ் வாழும் கடைசிக் கூலியிடம் கேட்க வேண்டும். எந்தப் பேரரசுக்கும் இதுவே அளவுகோல். மலாயாவில் தோட்டக் கூலிமுறையை வளர்த்த பிரிட்டனும் இதில் தேறாது.

மலேசியத் தமிழர்கள் இந்தக் கதையைக் காத்து வைத்திருக்கிறார்கள். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலை எழுதினார்; அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ நாவலை எழுதினார். நம் பக்கத்தில் பதிவு குறைவு. இதே சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுத்தாளர் ஆ. மாதவன் இங்குள்ள எளிய மனிதர்களை இலக்கியமாக்கினார். அந்தப் பணியைத் தொடர்வது நம் பொறுப்பு. மலாயாவிலும் பர்மாவிலும் இருந்து திரும்பிய முன்னோரின் கடிதம், புகைப்படம், கப்பல் சீட்டு எது வீட்டில் இருந்தாலும் பழையதென்று எறிந்துவிடாதீர்கள். பெரியவர்கள் சொல்லக் கேட்டதை ஊர், ஆண்டு, பெயரோடு எழுதி நூலகங்களுக்குக் கொடுங்கள். இளைய ஆய்வாளர்களே, அதை வாங்கிப் படியுங்கள்.