மருந்துக்குச் சாகாத புல்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதைப் பேச நம் தலைமையாசிரியர் இருக்கிறார். வாரியத் தலைவரும் இருக்கிறார். ஆகவே நான் புல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற குடும்பங்களில் புல்லோடு மல்லுக்கு நிற்காத குடும்பம் எத்தனை? தாத்தா மண்வெட்டியால் வெட்டினார், பாட்டி கையால் பிடுங்கினார், அம்மா முதுகில் டின்னைச் சுமந்து மருந்து அடித்தார். இத்தனை பேர் இத்தனை வருஷம் போராடியும் புல் தோற்றதாகத் தெரியவில்லை. ஏன் என்று கேட்க வேண்டாமா?

முதலில் நாம் நிற்கிற மண்ணைப் பாருங்கள். நம் ஊர்ப் பெயரிலேயே "பாரிட்" இருக்கிறது. வாய்க்கால் என்று பொருள். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால்தான் இந்தக் கிரியான் வட்டாரத்தில் கால் வைக்க முடியும், அவ்வளவு சதுப்பு. கடலோரம் பாக்காவ் காடு, உள்ளே சதுப்புக் காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை வெட்டிக் கரும்பு நட்டார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் பலர் இங்கே முதலில் வெட்டியது கரும்பைத்தான். 1906-ஆம் ஆண்டில் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் கட்டி முடிந்து நெல்வயல்கள் விரிந்தன. கரும்பு நின்ற இடங்களில் இரப்பர் ஏறியது. பிறகு இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இவ்வளவும் ஒன்றரை நூற்றாண்டுக்குள்!

இப்படி மேலே நிற்கிற பயிர் மாறும்போதெல்லாம், கீழே நிற்கிற செடிகொடிகளும் மாறிக்கொண்டே வந்தன. வெயில், தண்ணீர், உப்பு, நெருப்பு இவற்றில் ஒன்று மாறினாலும் போதும். அதுவரை ஒதுங்கிக் கிடந்த ஒரு செடி தலை தூக்கும். ஆண்டுகொண்டிருந்த ஒன்று காணாமல் போகும்.

கடலோரத்தைச் சொல்கிறேன். கோலா குலா பக்கம் போனால் பாருங்கள். புதிதாகப் படிந்த சேற்றில் முதலில் குடியேறுவது அப்பி-அப்பி மரம். சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக வேர் நீட்டி மூச்சு விடும். சேறு உயர்ந்து கெட்டிப்பட்ட பிறகு பாக்காவ் வரும். அலை ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு மரமும் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இங்கே ஒரு கரை கட்டி அலையைத் தடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. காடு தானே நலிந்துபோகும். பியாய் என்கிற பெரிய பெரணி வந்து அடைத்துக்கொள்ளும். அது அடைத்த இடத்தில் பாக்காவ் கன்று முளைத்து மேலே வருவது கடினம்.

தோட்டத்துக்கு வருவோம். லாலாங் புல்லைத் தெரியாதவர் உண்டா? காட்டை வெட்டிக் கொளுத்திய இடத்தில் முதலில் வந்து உட்காருவது அதுதான். மேலே எரிந்தாலும் மண்ணுக்கு அடியில் வேர்போலப் படரும் தண்டு சாகாது. மற்றச் செடிகளெல்லாம் கருகிக் கிடக்கும்போது இது மட்டும் அடுத்த மழைக்கே ஈட்டி ஈட்டியாகக் கிளம்பும். நெருப்பு அதற்கு எதிரி இல்லை, கூட்டாளி. அதன் உண்மையான எதிரி நிழல். பழைய தோட்டக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள நாளானது. ஆரம்ப காலத்தில் இரப்பர் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று சுத்தமாகச் செதுக்க வைத்தார்கள். நம்மவர்கள் கூலிக்குச் செதுக்கினார்கள். மழை வந்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போனது. பிறகுதான் அவரை இனத்துக் கொடிகளைப் படரவிட்டு மண்ணை மூடினார்கள். அந்தக் கொடி மண்ணைக் காத்தது, உரமும் சேர்த்தது, லாலாங்கையும் நிழலால் அமுக்கியது.

செம்பனையிலும் அதே கதைதான். கன்று நட்ட முதல் மூன்று நான்கு வருஷம் எங்கும் வெயில்; லாலாங்கும், மிக்கானியாக் கொடியும் போட்டி போட்டுக்கொண்டு வரும். மட்டைகள் விரிந்து வானத்தை மூடியதும் புல் ஒடுங்கிவிடும்; பெரணிகள் வந்து மரத்தின் மேலேயே ஏறிக் குடித்தனம் நடத்தும். நிழல் கூடினால் ஒரு கூட்டம், வெயில் கூடினால் இன்னொரு கூட்டம். இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பால்மரம் பிரேசிலிலிருந்து வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் பிள்ளைகள் காலால் தொட்டுத் தொட்டு விளையாடுகிற தொட்டாற்சிணுங்கியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். கடல் தாண்டி வந்து வேர் பிடித்தவர்கள் நாம் மட்டும் அல்ல.

இனி மருந்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

முற்காலத்தில் லாலாங்கைக் கொல்ல சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சை அடித்தார்கள். 1960-களில் பாராகுவாட் வந்தது. பிறகு கிளைபோசேட் வந்தது. பாராகுவாட் மனித உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று இங்கே பல தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் அம்மா ஒரு தோட்டத்தில் பல வருஷம் மருந்து அடித்தவர். கையுறை கொடுக்கவில்லை, விரல் நகங்கள் நிறம் மாறி உதிர்ந்தன. மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்த மருந்துக்குத் தடை. நல்லது. ஆனால் இத்தனை பேர் உடம்பைக் கொடுத்து அடித்த மருந்து, புல்லை ஒழித்ததா?

நம் பேராக் மாநிலத்திலேயே நடந்ததைக் கேளுங்கள். 1997-ஆம் ஆண்டில் தெலுக் இந்தான் பகுதியில் ஒரு பழத்தோட்டத்தில் கிளைபோசேட் அடித்தும் ஒரு புல் சாகவில்லை. மலாய்க்காரர்கள் ரும்புட் சம்பாவ் என்பார்கள். நம் கேழ்வரகுக்குப் பங்காளி. பள்ளித் திடலில் ஓரமாக, மிதித்தாலும் சாகாமல் நான்கைந்து விரல் விரித்தாற்போல் கதிர் வைத்து நிற்குமே, அதுதான். கிளைபோசேட்டுக்குச் சாகாத சம்பாவ் புல் என்று ஆராய்ச்சியாளர்கள் முதன்முதலில் எழுதி வைத்தது நம் மாநிலத்துப் புல்லைத்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

"மருந்து குடிச்சுக் குடிச்சு புல்லுக்குப் பழகிப்போச்சு" என்று நம்மவர்கள் சொல்வார்கள். குடிகாரனுக்குப் பழகுவதுபோலப் புல்லுக்குப் பழகுவதில்லை. நடப்பது வேறு. புல் உயிர் வாழச் சில சத்துகளைத் தனக்குள்ளேயே சமைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சமையலுக்கு ஒரு நொதி வேண்டும். கிளைபோசேட் அந்த நொதியில் போய் அடைத்துக்கொள்கிறது, பூட்டுக்குள் ஈர்க்குச்சி ஒடிந்து மாட்டிக்கொண்டதுபோல. சமையல் நின்றுவிடும், புல் சிறுகச் சிறுக மஞ்சளாகிச் சாகும். ஆனால் இலட்சக்கணக்கான புல்லில் எங்கோ ஒன்றுக்குப் பிறவியிலேயே அந்தப் பூட்டின் உட்புறம் சற்று வேறுமாதிரி அமைந்திருக்கலாம். ஈர்க்குச்சி அதில் சரியாக மாட்டுவதில்லை. மருந்து வருவதற்கு முன்னால் அந்தப் புல்லுக்கு ஒரு சிறப்பும் இல்லை. ஆண்டுக்குப் பல தடவை, அதே மருந்தையே அடித்தால் மற்றதெல்லாம் செத்து இடம் காலியாகிறது. எஞ்சிய அந்த ஒன்று ஆயிரக்கணக்கில் விதை போடுகிறது. அதன் பிள்ளைகளுக்கும் அதே பூட்டு. சில வருஷத்தில் திடல் முழுவதும் அதன் வாரிசுகள்தாம். புல் பழகவில்லை, நாம் பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறோம்!

வயல்காரர்களுக்கும் இதே சங்கடம். முன்பு நாற்றுவிட்டு, தண்ணீர் கட்டி நடவு செய்தார்கள். தண்ணீரில் பல களைகள் முளைக்காது. முளைத்தாலும் நாற்று வரிசையில் அடையாளம் தெரியும். 1980-களில் ஆள் கிடைக்காமல் நேரடி விதைப்புக்கு மாறினார்கள். அதற்குப் பிறகுதான் பாடி அங்கின், அதாவது காற்று நெல், பெரிய தொல்லையாகக் கிளம்பியது. 1988-இல் சிலாங்கூர் வயல்களில் முதலில் கவனிக்கப்பட்டது. அதுவும் நெல்தான், ஆனால் அறுவடைக்கு முன்பே மணியைக் கொட்டிவிடும். நெல்லைக் கொல்லாமல் நெல்லை எப்படிக் கொல்வது? 2010-இல் ஒரு மருந்துக்குச் சாகாத நெல்வகையை நம் நாட்டு வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி வெளியிட்டது. நெல் நிற்கும், காற்று நெல் சாகும் என்பது திட்டம். சில ஆண்டுகளிலேயே அந்த மருந்துக்கும் சாகாத காற்று நெல் வந்துவிட்டது. நெல்லும் காற்று நெல்லும் ஒரே இனம் என்பதால் மகரந்தம் கலப்பதும் இதற்கு ஒரு காரணம்.

அப்படியானால் மருந்தே வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. தோட்டத்தில் எந்த மருந்து அடிப்பது என்று தீர்மானிப்பது நீங்களும் அல்ல, நானும் அல்ல. ஆனால் புல்லின் பக்கத்தில் நிற்பவர்கள் நீங்கள். மருந்து அடித்து மூன்று வாரம் கழித்தும், சுற்றிலும் எல்லாம் காய்ந்த பிறகும், ஒரே ஒரு சம்பாவ் புல் பச்சையாக நின்றால் அதை முதலில் பார்ப்பது உங்கள் கண்தான். இன்னொரு தடவை அதே மருந்தைக் கூடுதலாகக் கலந்து அடிக்காதீர்கள். அது கதிர் வைப்பதற்குள் வேரோடு பிடுங்கிவிடுங்கள். தண்டலிடமோ மேற்பார்வையாளரிடமோ இடத்தைக் காட்டுங்கள். வீட்டுத் தோட்டத்தில் அடிப்பவர்கள் மருந்தை மாற்றி மாற்றி அடியுங்கள். அதைவிட நல்லது, வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டாமல் எதையாவது போட்டு மூடி வையுங்கள். காலி மருந்து டின்னில் தயவுசெய்து தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள், அம்மா.

மாணவமணிகளே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. நான்கு குச்சி, நான்கு மீட்டர் கயிறு போதும். பள்ளிக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில் ஒன்று, மரநிழலில் ஒன்று, திடல் நடுவில் ஒன்று என்று ஒரு மீட்டர் சதுரமாகக் கட்டுங்கள். மருந்து அடித்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சதுரத்துக்குள் என்னென்ன செடி நிற்கிறது, எத்தனை நிற்கிறது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் போட்டுக்கொண்டு போய்ப் பாட்டியிடம் கேளுங்கள். தமிழில் ஒரு பெயர், மலாயில் ஒரு பெயர், அதைத் தின்னலாமா, புண்ணுக்குப் போடலாமா என்பது வரை அவர் சொல்வார். ஆறு மாதம் கழித்து அதே சதுரத்தை மறுபடியும் எண்ணுங்கள். கயிறு நான்காம் வகுப்பு அலமாரியில் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை தொடங்கலாம்.