நினைவுத்தூண் யாருடைய மண்ணில்?

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



போஸ்னியாவில் பிரியெதோர் நகருக்கு அருகே திர்னோபோல்யே என்றொரு கிராமம். 1992-இல் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் தடுப்பு முகாமானது. போஸ்னியாக் முஸ்லிம்களும் குரோஷியர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே அடைக்கப்பட்டார்கள். பள்ளிக்கூடம் என்பதால் நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

போருக்குப் பின் அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. அடைபட்டவர்களுக்கு அல்ல; போரில் இறந்த செர்பிய வீரர்களுக்கு.

1991 கணக்கெடுப்பில் பிரியெதோரில் முஸ்லிம்களும் செர்பியர்களும் ஏறக்குறைய சம அளவில் இருந்தார்கள். 1995 டேட்டன் உடன்படிக்கை, ஒரே நாட்டுக்குள் 51 விழுக்காடு நிலத்தைப் போஸ்னியாக்-குரோஷியக் கூட்டாட்சிக்கும், 49 விழுக்காட்டைச் செர்பியக் குடியரசுக்கும் பிரித்தது. பிரியெதோர் செர்பியர் பக்கம் போயிற்று. விரட்டப்பட்டவர்களில் பலர் திரும்பி வந்தும், எங்கே எந்தக் கல்லை நடலாம் என்று சொல்லும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. அந்நகரில் கொல்லப்பட்ட 102 குழந்தைகளுக்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டுமென்று பெற்றோர் ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள். 1992-இல் செர்பியர் அல்லாதோர் கையில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும் என்று உத்தரவிடப்பட்டதல்லவா, அதன் நினைவாக 2012 முதல் மே 31 அன்று வெள்ளைப் பட்டி கட்டி ஊர்வலம் போகிறார்கள். கல் கிடைக்காதவர்களுக்குத் தெருதான் நினைவிடம்.

ஸ்ரெப்ரெனிட்சாவும் செர்பியக் குடியரசில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே 2003-இல் நினைவு மயானம் திறக்கப்பட்டது. உள்ளூரார் மனமுவந்து கொடுத்த நிலம் அல்ல. டேட்டன் ஏற்பாட்டின்படி நியமிக்கப்பட்ட சர்வதேச உயர் பிரதிநிதி ஆணையிட்டு ஒதுக்கிய நிலம். வெளியிலிருந்து வந்த ஆணையால் கல் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் அதன் முன் தலை குனிவாரா என்பது வேறு கேள்வி.

ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னபோது, "அந்த வீரர்கள் சின்னத்தை இடிச்சிடலாமே, சார்" என்றான் ஒரு மாணவன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களுக்கும் தாய்மார் உண்டு. செர்பியப் பொதுமக்களும் அந்தப் போரில் மாண்டார்கள். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "இடிக்க வேணாம் சார், பக்கத்துல இன்னொண்ணு வைக்க ஏன் விடல?" என்று கேட்டாள். மீதிப் பாடவேளை முழுவதும் அந்தக் கேள்விக்கே போயிற்று. போஸ்னியா வரைபடத்தில் டேட்டன் எல்லைக்கோட்டை வரையச் சொன்னேன். கோடு எந்தப் பக்கம் போனால் எந்தக் கல் நிற்கும் என்று அவர்களே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.